குட்டைக் கயிறும் எட்டாத மிதவையும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நீர்ச்சறுக்குப் போட்டியொன்றின் காணொளியைப் பார்த்தாராம். ஒற்றை ஸ்கீயில் நிற்கிற ஒருவர், படகுக்கு இடமும் வலமுமாக மிதக்கும் பந்துகளை மாறி மாறிச் சுற்றி வருகிறார். படகு போகும் நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு மிதவையும் 11.5 மீற்றர் தள்ளி இருக்கிறது. கயிற்றின் நீளமோ 9.75 மீற்றர்தான் என்று திரையில் போட்டிருக்கிறார்கள். "கயிறே எட்டாத இடத்துக்கு ஆள் எப்படிப் போகிறார்? கமெரா வித்தையா?" என்பது கேள்வி.

வித்தை இல்லை. இரண்டு எண்களும் சரி. இடையில் இருக்கிற கிட்டத்தட்ட இரண்டு மீற்றரை நிரப்புவது மனித உடல். மிதவையை ஸ்கீ சுற்றினால் போதும், கைப்பிடி சுற்ற வேண்டியதில்லை. சறுக்குபவர் ஒரு கையை மட்டும் படகுப் பக்கம் முழுதாக நீட்டி, உடலையும் அந்தப் பக்கமே சாய்த்து, கால்களை வெளியே அனுப்புகிறார். கை, உடம்பு, கால் எல்லாம் கயிற்றின் நீட்சியாகிவிடுகின்றன. உயரமானவருக்கு இதில் சற்று வசதி என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் உண்மையான வியப்பு நீளத்தில் இல்லை. உடம்பு இரண்டு மீற்றர் தந்தாலும், 11.75 மீற்றரைக் கொண்டு 11.5 மீற்றரைத் தொட வேண்டுமென்றால் கயிறு படகுக்குப் பின்னால் இருக்க முடியாது. ஏறக்குறைய படகுக்குப் பக்கவாட்டில், 78 பாகையில் நிற்க வேண்டும். படகு முன்னோக்கி இழுக்கிறது, ஆள் அதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார். இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

தடத்தின் அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நுழைவாயிலிலிருந்து வெளிவாயில் வரை 259 மீற்றர். உள்ளே ஆறு மிதவைகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுக்கோட்டு வழியே 41 மீற்றர். ஆண்கள் போட்டியில் படகின் உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீற்றர், பெண்களுக்கு 55. படகு 58இல் போனால் முழுத் தடமும் 16 செக்கனில் முடிந்துவிடும். ஒரு மிதவையிலிருந்து எதிர்ப்பக்க மிதவைக்குப் போகக் கிடைப்பது இரண்டரைச் செக்கன். ஆறையும் சுற்றி வெளியேறிவிட்டால் பரிசு என்ன? கயிற்றைக் குறைப்பார்கள். 18.25 மீற்றரில் தொடங்கி 16, 14.25, 13, 12 என்று குறைந்துகொண்டே போகும். விழும் வரைக்கும் விளையாட்டு. அமெரிக்காவின் நேட் ஸ்மித் 2013இல் 9.75 மீற்றர்க் கயிற்றில் இரண்டரை மிதவை சுற்றி உலக சாதனை செய்தார். இரண்டரை என்றால் குறைவாகத் தெரியும். அந்தக் கயிற்றில் இரண்டு மீற்றர் உடம்பைச் சேர்த்தால் கூட்டுத்தொகை வெறும் 11.75 என்பதைக் கவனியுங்கள்.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. 1922இல் மினசோட்டாவின் பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற பதினெட்டு வயதுப் பையன் இரண்டு பலகைகளின் முனையைக் கொதிநீரில் வளைத்து, தமையனின் படகுக்குப் பின்னால் எழுந்து நின்றான். காப்புரிமையை வாங்கியவர் வேறொருவர், 1925இல் ஃபிரெட் வாலர். பிற்பாடு சினராமா அகலத்திரையைக் கண்டுபிடித்தவரும் அவரே. 1949இல் பிரான்ஸில் முதல் உலகப் போட்டி, 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெறும் காட்சி விளையாட்டாக ஓர் இடம். இவ்வளவு போதும்.

படகு முன்னே இழுக்க, ஆள் எப்படி அதற்குப் பக்கத்தில் வருகிறார் என்பதைப் பட்டத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். காலிமுகத்திடலில் மாலையில் பட்டம் விடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். நூலைப் பிடித்த கை ஒரே இடத்தில் நிற்கிறது, காற்று கடலிலிருந்து வருகிறது. பட்டம் காற்றின் போக்கில் நேரே பின்னால் தாழ்ந்து நிற்கும்போது நூல் கையை அறுக்கிற மாதிரி இழுக்கும். பக்கவாட்டில் தள்ளிப் போகப் போக இழுப்புக் குறையும். ஓர் எல்லையில் பட்டம் அசையாமல் சோர்ந்து நிற்கும். அந்த எல்லையிலிருந்து அதை மறுபக்கம் குத்த விட்டால் காற்றையும் மிஞ்சிய வேகத்தில் பாய்ந்து குறுக்கே போகும். பட்டம் நகர்வதால் அதற்குப் படுகிற காற்று கூடுகிறது, காற்று கூடுவதால் இன்னும் வேகமாக நகர்கிறது.

இப்போது படகில் ஏறி உட்கார்ந்து பின்னால் பாருங்கள். உங்கள் கண்ணுக்குப் படகு அசையவில்லை, தண்ணீர்தான் மணிக்கு 58 கிலோமீற்றரில் பின்னோக்கி ஓடுகிறது. படகின் நடுவிலுள்ள கம்பம், நூல் பிடித்த கை. கயிறு, நூல். ஓடும் நீர், காற்று. ஸ்கீயின் விளிம்பைத் தண்ணீருக்குள் அழுத்தியபடி சாய்ந்து நிற்கும் ஆள், பட்டம். ஸ்கீயின் பின்பகுதியில் அடியில் பூட்டியிருக்கும் சிறிய செட்டை, பட்டத்தின் வாலைப் போல ஆட்டத்தை அடக்குகிறது. பட்டத்தை நூலோடு இணைக்கும் கட்டான முச்சைக்கும் இங்கே வேலை இருக்கிறது. பட்டத்தில் முச்சையை ஒரு விரற்கடை மாற்றிக் கட்டினால் அது காற்றை ஏற்கும் சாய்வே மாறிவிடும். சறுக்குபவருக்கு முச்சை என்பது கைப்பிடி உடம்போடு சேரும் இடம். இடுப்பருகே வைத்திருந்தால் ஸ்கீ நீரைச் சரியான கோணத்தில் வெட்டும். நெஞ்சுக்கு இழுத்தால் மேலுடம்பு படகுப் பக்கம் கவிழ்ந்து ஸ்கீ தட்டையாகி வழுக்கும். பட்டத்துக்குப் பேர்போன வல்வெட்டித்துறைக்காரர்கள், பட்டத்தில் கட்டி ஓசை எழுப்பும் "விண் எங்கே?" என்று கேட்பார்கள். விழுகிற நேரத்தில் ஆள் எழுப்பும் ஓசையை விண்ணாக வைத்துக்கொள்ளலாம்.

பட்டம் எவ்வளவு தூரம் பக்கவாட்டில் போகும் என்பதை முடிவு செய்வது ஒரே விகிதம்தான்: பக்கவாட்டு விசைக்கும் பின்னிழுப்புக்கும் உள்ள விகிதம். அது 2 என்றால் கயிறு 63 பாகை வரை வந்து அங்கேயே நிலைத்து நிற்கலாம். 78 பாகையில் நிலைத்து நிற்க விகிதம் 5க்குக் கிட்ட வேண்டும், 90இல் நிற்க முடிவிலி வேண்டும். ஆகவே குட்டைக் கயிற்றில் மிதவையருகே யாரும் "நிற்பதில்லை". நடுவில் சேர்த்த வேகத்தின் உந்தத்தில் எல்லையைத் தாண்டி எறியப்படுகிறார்கள், விழுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள்.

எவ்வளவு வேகம்? கயிறு தளராமல், ஊசலைப் போலச் சீராக ஆடுகிறது என்று வைத்துக்கொண்டு ஒரு தாளில் கணக்குப் போட்டால் சுவையான எண்கள் வருகின்றன. 18.25 மீற்றர்க் கயிற்றில், தண்ணீரை வைத்துப் பார்த்தால் ஆளின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 50க்கும் 85க்கும் இடையில் ஏறி இறங்குகிறது. 9.75இல் அதே படகு, அதே 58 கிலோமீற்றர், ஆனால் ஆளின் வேகம் 28க்கும் 108க்கும் இடையில் ஊசலாடுகிறது. நடுவைக் கடக்கையில் கயிற்றின் இழுப்பு உடல் எடையின் மூன்று மடங்கைத் தாண்டுகிறது. நிஜத்தில் யாரும் இவ்வளவு சீராக ஆடமாட்டார்கள், எண்கள் சற்று மாறும், போக்கு மாறாது.

108ஐப் பார்த்து எல்லாரும் வாய்பிளப்பார்கள். விளம்பரங்களும் அதைத்தான் கொட்டை எழுத்தில் போடும். என் கண் 28இல்தான் நிற்கிறது. உச்ச வேகம் வருவது நடுவைக் கடந்த பிறகு, கயிறு ஆளைப் படகின் பக்கத்துக்கு முன்னோக்கிச் சுழற்றும்போது. அப்போது அவர் படகைவிட வேகமாக முன்னே வருகிறார். மிதவையைச் சுற்றியதும் கதை தலைகீழ். கயிறு விறைப்பாக இருக்க வேண்டுமென்றால் அவர் மறுபடி படகுக்குப் பின்னால் விழ வேண்டும், அதாவது படகின் வேகத்தில் பாதிக்குக் குறைய வேண்டும். ஒரு செக்கனுக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் எண்பது கிலோமீற்றர் வேகத்தைத் தொலைக்க வேண்டும்! தொலைக்காமல் திரும்பினால் என்ன ஆகும்? ஆள் படகை எட்டிப் பிடிக்கிறார், கயிறு தொய்கிறது. படகு 58இல் போய்க்கொண்டே இருக்கும். தொய்வு தீர்ந்த கணத்தில் கயிறு வெடுக்கென்று இழுக்கும். குத்திய பட்டம் நூல் தொய்ந்து, மறுபடி நூல் விறைக்கும்போது கிழிகிறதே, அதேதான். சறுக்குபவர்கள் குட்டைக் கயிற்றில் விழுவதெல்லாம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வேகம் எடுப்பதற்குப் படகு இருக்கிறது. வேகத்தைத் தொலைக்க ஆளின் சாய்வையும் ஸ்கீயையும் தவிர யாரும் துணையில்லை.

இதை விட்டுவிட்டுக் கடைக்காரர்கள் கரி இழை ஸ்கீயைப் பற்றிப் பேசுவார்கள். இந்த ஆண்டு மாதிரியை வாங்கினால் இன்னும் அரை மிதவை கூடும் என்பார்கள். செட்டையை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்தில் அளந்து நகர்த்துகிற பழக்கமும் இருக்கிறது. உலக வரிசையில் இருப்பவருக்கு அது உதவக்கூடும். மற்றவர்களுக்கு முதல் நாள் இரவுத் தூக்கம் அதைவிடப் பெரிய மாறி. நீரில் குறுக்கே பாயும் இந்தத் தத்துவம் வானத்திலும் நிறையப் பணத்தை விழுங்கியிருக்கிறது. 1980இல் மைல்ஸ் லொயிட் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் காற்றுக்குக் குறுக்கே பறக்கும் பட்டத்தால் மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கில் பிழையே இல்லை. அதை நம்பி கூகுளின் தாய் நிறுவனம் வளர்த்த மக்கானி என்ற நிறுவனம் 2020இல் மூடப்பட்டது. உண்மையாக உதவிய கருவி ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: செய்மதி வழி வேகத்தை அறிந்து இயந்திரத்தைத் தானே கட்டுப்படுத்தும் பெட்டி. மூன்று மடங்கு எடை பின்னால் இழுக்கும்போதெல்லாம் படகு தள்ளாடும். முன்பு அதைப் படகோட்டி கையால் சரிசெய்தார், அவரவர் கைராசிப்படி.

கொழும்பில் எங்கே பழகலாம் என்று வாசகர் கடைசியில் கேட்டிருக்கிறார். வெள்ளவத்தைக் கடல் வேண்டாம், முழங்கால் உயர அலையே தடத்தைக் கெடுத்துவிடும். கொட்டாஞ்சேனைப் பக்கம் துறைமுகம், அங்கே கப்பல்களுக்கே இடம் போதாது. பேர வாவியில் 1864 முதல் கொழும்புப் படகுவலிப்புக் கழகம் துடுப்புப் போடுகிறது. ஆனால் செங்குத்தான கற்சுவர் கரையில் மோட்டார்ப் படகின் அலை பட்டுத் திரும்பி வந்து தடத்திலேயே விழும். சரிந்த கரையுள்ள நீர்நிலைதான் அலையைக் குடிக்கும். வாவியின் பச்சைத் தண்ணீரில் முகம் குப்புற விழுவது தனி விஷயம். எஞ்சுவது தெற்கே பெந்தோட்டை ஆறும் மொறட்டுவைக்கருகே பொல்கொட ஏரியும். உல்லாசப் பயணிகளை அங்கே பெரும்பாலும் நேர்கோட்டில்தான் இழுத்துப் போகிறார்கள். நின்று பழக அது போதும்.

முதலில் இரண்டு ஸ்கீ, மணிக்கு முப்பதைச் சற்றுத் தாண்டிய வேகம், உயிர்க்காப்பு மேலங்கி. பிறகு ஒரு ஸ்கீயைக் கழற்றி விடுவது. அதன் பிறகும் ஆறு மிதவைக்கு ஆசைப்பட வேண்டாம், நடுக்கோட்டுக்கு நெருக்கமாகப் பந்துகள் இட்ட குறுகிய தடத்தில் தொடங்க வேண்டும். புதியவர் செய்கிற தவறு எப்போதும் ஒன்றே: கண்ணை மிதவையில் வைத்து நேரே அதை நோக்கிப் போவது, அதைத் தாண்டியபின் திரும்புவது. அதற்குள் படகு அடுத்த மிதவையை நோக்கிப் பாதி தூரம் போயிருக்கும். உழைப்பெல்லாம் மிதவையிலிருந்து நடுக்கோடு வரைதான். அங்கே விளிம்பை விட்டுவிட்டால், கயிறே வெளியே சுழற்றிக் கொண்டுபோகும். மிதவைக்கு முன்பே அகலத்தை எட்டி, மிதவையருகே திருப்பத்தை முடிப்பவருக்கு நேரம் மிஞ்சும். நீண்ட கயிறுதான் எளிது என்ற நம்பிக்கையும் பாதி உண்மை. மிக நீண்ட கயிற்றில் இழுப்பு மென்மை, ஆனால் படகு கிளப்பும் அலைமேடு அந்தத் தூரத்தில் உயரமாக இருக்கும். சற்றுக் குறைத்துக் கேளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்த டிசம்பர் முதல் ஏப்ரல் வரைக்குள், கடற்காற்று எழும்புவதற்கு முன் காலையிலேயே போங்கள்.