ஆளைக் கண்டு பறக்காத புறா

மெக்சிகோவுக்கு மேற்கே பசிபிக் கடலில், கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது சொகோரோ என்ற எரிமலைத் தீவு. 1867-ல் கிரேசன் என்ற இயற்கையியலாளர் அங்கே போனார். அந்தத் தீவின் புறாவுக்கு இன்றும் அறிவியல் பெயர் அவர் பெயரில்தான். செம்பழுப்பு மார்பு, ஓங்கிய கால்கள், பெரும்பாலும் தரையில் நடமாட்டம். ஆள் கிட்டே போனாலும் அசையாது. அசைவானேன்? அங்கே நரி, கீரி, பூனை எதுவும் இருந்ததே இல்லை. மேலே சுற்றும் பருந்துக்கு மட்டும் பயந்தால் போதும்.

1869-ல் செம்மறி ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை காட்டுக்குள் புகுந்து, புறா இரை பொறுக்கும் புதர்களையெல்லாம் மேய்ந்து தள்ளின. ஆனாலும் புறா தாக்குப்பிடித்தது. 1957-ல் கடற்படை நிலையம் வந்தது. குடியேற்றத்தோடு பூனைகளும் வந்தன. பூனையைக் கண்டாலும் புறா நின்ற இடத்திலேயே நின்றது. 1972-க்குப் பிறகு தீவில் அதை யாரும் பார்க்கவில்லை.

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம், 1925-ல் கலிஃபோர்னியா அறிவியல் கழகத்தின் பயணக் குழு உயிரோடு பிடித்துக் கொண்டுபோன சில புறாக்கள். தரையில் மிரளாமல் நிற்கும் பறவையைப் பிடிப்பதில் என்ன சிரமம் இருந்திருக்கும்! அவை கலிஃபோர்னியாவின் பறவை வளர்ப்போர் கைக்குப் போய்க் குஞ்சு பொரித்தன. பாதுகாப்பு என்ற எண்ணம் அன்று யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. பறவையைக் கூண்டில் அடைப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம்; ஆனால் இந்தப் புறா இன்று இருப்பது அந்தப் பழக்கத்தால்தான். பூனைக்கு இரையாக்கிய அதே சாதுத்தனம்தான் கூண்டுக்குள் சேர்த்துக் காப்பாற்றியும் இருக்கிறது.

இன்று உலகில் உள்ளவை ஏறத்தாழ இருநூறு; எல்லாம் கூண்டில். பெரும்பாலானவை ஐரோப்பிய விலங்கியல் பூங்காக்களில், வம்சாவளி குறித்துவைத்து வளர்க்கப்படுகின்றன. அமெரிக்காவில் சில கூண்டுகளில் வேறு புறா இனத்தோடு கலந்துவிட்டதால் இந்தப் பதிவேடு அவசியமாகிவிட்டது. மனிதரிடம் இத்தனை சாதுவான இது, சக புறாக்களிடம் சரியான சண்டைக்காரி. ஜோடி சேர்ப்பதே பராமரிப்பாளர்களுக்குப் பெரும்பாடு.

தீவும் மாறிவிட்டது. 2009 முதல் 2012 வரை, ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட செம்மறி ஆடுகளை ஒழித்தார்கள். ஆடு போன இடத்தில் செடிகொடி தானாகவே தழைக்கத் தொடங்கியது. 2016-ல் சொகோரோ அடங்கிய தீவுக்கூட்டம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. இதற்கிடையே மெக்சிகோவின் புவேப்லா மாநிலத்தில் உள்ள பூங்கா ஒன்றுக்கும் புறாக்கள் வந்து சேர்ந்து, சொந்த நாட்டிலேயே குஞ்சு பொரித்தன.

பாக்கி இருப்பது பூனை. ஆட்டை ஹெலிகாப்டரிலிருந்து சுடலாம். புதருக்குள் ஒளியும் பூனையைக் கண்ணிவைத்து ஒவ்வொன்றாகத்தான் பிடிக்க வேண்டும். பல ஆண்டுகளாக அந்த வேலை நடக்கிறது. அது முடியும் முன் புறாக்களைத் திறந்துவிட அவசரப்படக் கூடாது என்பதே என் கட்சி. மூன்று தலைமுறை மனிதர்கள் கையால் இரை தின்று வளர்ந்த பறவைக்கு, பூனை என்றால் என்னவென்று இன்னும் தெரியாது.