சாலையே பயணம் – 7: பட்டு இறங்கி வந்த பாதை

காஞ்சிபுரத்தில் ஒரு குடும்பம் கார் எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்புகிறது என்றால் பேச்சு ஊட்டியில் தொடங்கி ஊட்டியிலேயே முடிந்துவிடும். ஆனால் உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். பாஸ் வாங்கிப் போனாலும் சீசனில் பார்ப்பது முன்னால் நிற்கும் காரின் முதுகைத்தான். TN 21 வண்டிக்காரர்களுக்கு இந்த வாரம் நான் சொல்ல நினைப்பது வேறொரு சுற்று: உங்கள் ஊர்ச் சேலையின் பட்டு இறங்கி வந்த மலைகள்.

தறி காஞ்சியில், ஜரிகை சூரத்தில், கச்சாப் பட்டு மேட்டு நிலத்தில். இதுதான் நெடுங்கால ஏற்பாடு. பட்டுப்புழு வெயில் தாங்காது. 24 முதல் 28 டிகிரி வரை இருந்தால் நன்றாகத் தின்னும். காஞ்சி பிள்ளையார்பாளையத்துச் சித்திரை வெயிலில் சுருண்டுவிடும். அதனால் புழு தின்னும் முசுக்கொட்டைச் செடி மைசூர் பீடபூமியிலும் அதன் ஓரங்களிலும் வேர்விட்டது. பழைய சென்னை மாகாணத்தில் பட்டு வளர்ப்பு என்றால் பெரும்பாலும் கொள்ளேகால்தான். கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த அந்தத் தாலுகா 1956 மாநிலப் பிரிப்பில் மைசூருக்குப் போனது. நம் சுற்றில் அதுதான் தொலைதூரப் புள்ளி.

பாலுசெட்டிசத்திரத்தில் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்து வேலூர், கிருஷ்ணகிரி வழியாகத் தருமபுரி. முதல் இரவை அங்கே போடுங்கள். பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் காலையில் நடக்கும். அதைத் தவறவிட்டால் இந்தப் பயணத்துக்கே அர்த்தமில்லை. வெண்கூடு ஒரு பக்கம், மஞ்சள் கூடு ஒரு பக்கம். நூற்பவர்கள் கையை விட்டு அள்ளி, அழுத்திப் பார்த்து விலை கேட்பார்கள். ஒரு கூட்டில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இழை இருக்கும். ஒதுங்கி நின்று பாருங்கள், வியாபாரத்தில் குறுக்கே போக வேண்டாம்.

தருமபுரியிலிருந்து சேலம் இறங்கும்போது தொப்பூர் வரும். இந்தச் சுற்றில் நான் அஞ்சும் இடம் மலை வளைவு அல்ல, இதுதான். நான்குவழிச் சாலை, நீண்ட இறக்கம், பின்னால் பாரம் ஏற்றிய லாரி. அடுக்கடுக்காக விபத்து நடந்த இடம். கியரைக் குறைத்து, லாரிக்கு முன்னால் போய்ச் சிக்காமல் இறங்குங்கள். பவானியில் ஜமுக்காளம் வாங்க நின்றாலும் இருட்டுமுன் சத்தியமங்கலம் போய்விடலாம்.

மறுநாள் பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திம்பம் ஏற்றம். 27 கொண்டை ஊசி வளைவுகள். 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு இது. 2022-இல் உயர் நீதிமன்றம் இரவுப் போக்குவரத்தைத் தடுத்தது: சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 மணிக்கே, கார்களுக்கு இரவு 9 மணிக்கு வழி அடைபடும், காலை 6-க்குத்தான் திறக்கும். எனவே இரவுப் பயணம் என்ற யோசனையே வேண்டாம். வளைவில் பெரிய லாரி திரும்பச் சாலை முழுவதும் தேவைப்படும். ஹாரன் கேட்டால் கீழேயே நின்று வழி விடுங்கள். மேலே ஆசனூர் பக்கம் கரும்பு லாரிகளை எதிர்பார்த்து யானைகள் சாலையோரம் வந்து நிற்பதுண்டு. செல்பி எடுக்க இறங்குபவரைப் பார்த்தால் எனக்கு யானையின் மேல்தான் இரக்கம் வருகிறது.

ஆசனூரைத் தாண்டித் தாளவாடிக்குத் திரும்பினால் ஈரோடு மாவட்டம்தான், ஆனால் காதில் விழுவது கன்னடம். நடிகர் ராஜ்குமார் பிறந்த கஜனூர் இங்கேதான். 2000 ஜூலை 30 அன்று வீரப்பன் அவரைக் கடத்திப்போனதும் இந்த ஊரில் இருந்த அவர் வீட்டிலிருந்துதான். ராகி, முட்டைக்கோஸ், இடையிடையே முசுக்கொட்டை. அவசரப்படாமல் ஓட்டுங்கள். அப்புறம் சாமராஜநகர், எளந்தூர், கொள்ளேகால். அங்கும் தறிச் சத்தம் கேட்கும். காஞ்சி நெசவாளி ஒருவரை உடன் அழைத்துப் போனால் பேச்சு பாவு, ஊடை, கோர்வை என்று தானே வளரும். மொழி தடையாக இராது.

எப்போது போவது என்பதில்தான் சிக்கல். தெருவில் பாவு போட முடியாமல் தறிக்காரர்கள் கை ஓய்ந்திருப்பது ஐப்பசி அடைமழையில். மலைச் சாலை மோசமாக இருப்பதும் அப்போதுதான். மாசி தாண்டினால் காடு காய்ந்து கிடக்கும், பங்குனியில் பண்ணாரிக் குண்டம் திருவிழாக் கூட்டம். என் தேர்வு பொங்கல் கூட்டம் கலைந்த பிறகான வாரம். தை முகூர்த்தச் சேலைகளில் பெரும்பகுதி அதற்குள் கடைக்குப் போயிருக்கும்.

திரும்பும் வழி ஹனூர், மாதேஸ்வரன் மலை, பாலாறு, மேட்டூர். அமாவாசையன்று மாதேஸ்வரன் மலைப் பக்கம் போக வேண்டாம், பேருந்துகளுக்கு நடுவே நகர முடியாது. எல்லையில் வரும் பாலாறு காஞ்சிக்காரர்களின் பாலாறு அல்ல. காவிரியில் சேரும் காட்டாறு. காட்டுச் சாலையில் பெட்ரோல் பங்க்கை நம்பாமல் கொள்ளேகாலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மதியத்துக்குள் மலையை விட்டு இறங்கினால் மேட்டூர் அணையோரம் மீன் வறுவலோடு சாப்பாடு, பிறகு மேச்சேரி வழியாகத் தொப்பூர். இந்த முறை ஏற்றம், பயமில்லை.