காற்றும் மலரும் காத்தவரும்

விடுமுறை நாள் வந்துவிட்டால், குடும்பத்தோடு எங்கே செல்லலாம் என்னும் கேள்வி எல்லா இல்லங்களிலும் எழுகின்றது. சிறுவர் ஓடியாட விரும்புவர். இளைஞர் தம் துணிவைச் சோதிக்கும் விளையாட்டை நாடுவர். நாளெல்லாம் அடுப்படியில் நிற்கும் அன்னைக்கு, எழுந்திராமல் அமர்ந்திருக்க ஒரு நிழல் வேண்டும். முதியோருக்குக் கண்குளிர ஒரு காட்சி வேண்டும். இவை அனைத்தையும் ஒருங்கே தரும் இடங்கள் உலகில் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடமேற்கு மூலையில் ஓடும் கொலம்பியா ஆற்றின் கரை.

அவ்விடத்தின் அழகை வருணிப்பது மட்டும் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஏழையும் செல்வரும் வேறுபாடின்றிச் சென்று மகிழும் பொது இடமாக அது இன்று விளங்குவது தானாக நிகழ்ந்ததன்று. ஒருவர் இழந்ததையும் மற்றொருவர் காத்ததையும் அறிந்து அங்கே செல்பவர்க்கே அந்த நாள் முழுமையான நாளாக அமையும்.

மலையில் திறந்த வாயில்

கானடாவில் தோன்றி ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் ஓடிப் பசிபிக் பெருங்கடலில் கலக்கும் பேராறு கொலம்பியா. அது கடலை அடையுமுன் கஸ்கேடு என்னும் மலைத்தொடர் வடக்குத் தெற்காக மதில்போல் குறுக்கிடுகின்றது. அம்மதிலை அறுத்துக்கொண்டு ஆறு செல்லும் பள்ளத்தாக்கின் நீளம் சுமார் 130 கிலோமீட்டர். சில இடங்களில் அதன் ஆழம் 4,000 அடியை எட்டும். வடகரை வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்தது. தென்கரை ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்தது.

இப்பள்ளத்தாக்கே காற்றின் வாயில். கோடையில் மலைக்குக் கிழக்கேயுள்ள வறண்ட சமவெளி கடுமையாகக் கொதிக்கின்றது. அங்குள்ள காற்று வெப்பமடைந்து மேலெழ, காற்றழுத்தம் குறைகின்றது. மேற்கே கடலின் மீதோ குளிர்ந்த கனத்த காற்று நிற்கின்றது. அது கிழக்கே பாய விரும்புகின்றது, மலைத்தொடரோ வழிமறிக்கின்றது. ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றே திறந்த வழி. இரண்டு பெரிய வீடுகளுக்கு இடையிலுள்ள சந்தில் காற்று எவ்வளவு விசையோடு வீசும் என்பதை நாமெல்லாரும் உணர்ந்திருக்கிறோமன்றோ! அதுபோன்றே இங்கும் மணிக்கு 30 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுவது கோடையில் வழக்கமான ஒன்று. குளிர்காலத்தில் நிலைமை மாறி, உறைபனி கலந்த காற்று கிழக்கிலிருந்து மேற்கே பாயும். ஓயாத காற்றினால் கிளைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்த மரங்களை அங்கே காணலாம்.

தென்கரையிலுள்ள டால்ஸ் நகரில் 1897-இல் கட்டப்பட்ட பழைய புனித இராயப்பர் ஆலயம் இருக்கின்றது. அதன் ஊசிக்கோபுர உச்சியில், காற்றின் திசை காட்டும் சேவல் ஒன்று நிற்கின்றது. இடிபடவிருந்த அவ்வாலயத்தை ஊர்மக்கள் முயன்று காத்தனர் என்பது நாம் மனத்தில் கொள்ளத்தக்க செய்தி.

பாய் விரித்த பலகை

படகோட்டிகளுக்கும் பயணிகளுக்கும் நெடுங்காலம் தொல்லையாகவே இருந்த இக்காற்று, 1980-ஆம் ஆண்டுகளில் ஒரு செல்வமாக மாறிற்று. பலகையொன்றின்மேல் பாய்மரத்தை நாட்டி, நின்றபடியே அதைக் கையால் பிடித்துத் திருப்பிக் காற்றில் விரையும் விளையாட்டை 1960-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் ஜிம் டிரேக், ஹாயில் ஷ்வைட்சர் என்னும் இருவர் உருவாக்கினர். விண்ட்சர்ஃபிங் எனப்படும் அவ்விளையாட்டு, 1984-இல் லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக் போட்டியில் இடம்பெற்றது. அதே காலத்தில், பேரிக்காய்த் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற ஹூட் ரிவர் என்னும் சிற்றூருக்குப் பலகையும் பாயுமாக இளைஞர் வந்து குவியலாயினர். பிற்காலத்தில் பெரும் பட்டத்தைப் பறக்கவிட்டு, அது இழுக்கும் விசையில் பலகையின்மீது நின்று செல்லும் விளையாட்டும் வந்து சேர்ந்தது. 2024-ஆம் ஆண்டுப் பாரீஸ் ஒலிம்பிக்கில் அதுவும் ஒரு போட்டியாயிற்று.

இவ்வாற்றுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. நீர் கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகின்றது. கோடைக்காற்றோ மேற்கிலிருந்து கிழக்கே வீசுகின்றது. இரண்டும் எதிர்த்து மோதுவதால் ஆற்றிலேயே கடலலைபோல் அலைகள் எழும்புகின்றன. காற்று வீரனை மேலே தள்ள, நீரோட்டம் அவனைக் கீழே இழுக்கின்றது. ஆகவே அவன் வெகுதொலைவு அடித்துச் செல்லப்படாமல் புறப்பட்ட இடத்தின் அருகிலேயே நெடுநேரம் விளையாட முடிகின்றது.

ஆனால் பெற்றோர் ஒன்றை மறத்தலாகாது. இது குழந்தைகளை இறக்கிவிட்டுக் கரையில் கண்ணயரும் இடமன்று. கோடையிலும் நீர் குளிர்ந்திருக்கும். கோதுமை ஏற்றிய பெருந்தோணிகள் நடுவாற்றில் செல்லும். அவை உடனே திரும்பவும் மாட்டா, நிற்கவும் மாட்டா. மிதவைச் சட்டை அணியாமல் எவரும் நீரில் இறங்குதல் தகாது. புதிதாகக் கற்போர்க்கென அலை குறைந்த ஒதுக்குப்புறங்கள் உள்ளன. வடகரையில் கொலம்பியா குன்றுகள் வரலாற்று மாநிலப் பூங்காவிலுள்ள ஹார்ஸ்தீஃப் ஏரி அத்தகையது. சிறுவர் துடுப்புப் போடவும், தந்தையர் தூண்டில் இடவும், குடும்பமாக அமர்ந்து கட்டுச்சோறு உண்ணவும் அதன் கரை ஏற்றது.

குன்றெல்லாம் பொன்னும் நீலமும்

அப்பூங்காவின் மேற்பகுதி முன்னாளில் ஒரு கால்நடைப் பண்ணை. ஏப்ரல், மே மாதங்களில் அங்கே ஏறிச் சென்றால் புல்வெளிச் சரிவுகளெல்லாம் பூவாடை போர்த்துக் கிடக்கும். சூரியகாந்தி இனத்தைச் சேர்ந்த பால்சம்ரூட் பொன்மஞ்சளாகப் பூத்திருக்கும். அதனிடையே அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த லூப்பின், நீலமும் ஊதாவுமாகக் கதிர்விட்டு நிற்கும். கீழே ஆறு; எதிரே 11,000 அடிக்கு மேல் உயர்ந்து பனிமுடி தரித்த ஹூட் மலை. காண்போர் பேச்சற்று நிற்பர்.

இம்மலர்களைக் கண்டவுடன் குழந்தைகளின் கை பறிக்கத் துடிப்பது இயல்பே. அப்போது அவர்களுக்கு ஓர் உண்மையைச் சொல்லுதல் நன்று. பால்சம்ரூட் செடி முளைத்த ஆண்டே பூப்பதில்லை. முதற்பூவைக் காணப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதன் ஆணிவேர் மிக ஆழமாகச் செல்வதால் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் பிழைப்பதும் அரிது. இவ்வளவு பொறுமையாக வளர்ந்ததை ஒரு நொடியில் பறித்து, மாலைக்குள் வாடவிடுவது முறையா என்று கேட்டால், குழந்தையே விடை சொல்லிவிடும். அப்புல்வெளியில் விரியன் வகைப் பாம்புகளும், உடலில் ஒட்டிக்கொள்ளும் உண்ணிகளும் உண்டாதலால், நடைபாதையை விட்டு விலகாதிருத்தல் செடிக்கு மட்டுமன்று, நமக்கும் நன்மையே.

மூழ்கிய அருவி

இனிச் சற்றுக் கனத்த நெஞ்சோடு சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குழந்தைகள் துடுப்புப் போடும் அந்த அமைதியான ஏரி இயற்கையாக அமைந்ததன்று. டால்ஸ் அணை கட்டப்பட்டதனால் தேங்கிய நீரே அது.

அணைக்கு மேலே சில மைல் தொலைவில் செலிலோ அருவி இருந்தது. அம்மண்ணின் பழங்குடி மக்கள் 10,000 ஆண்டுகளுக்கும் மேலாக அதன் கரையில் வாழ்ந்தனர். பாறைகளிலிருந்து நீட்டிக் கட்டிய மரப்பரண்களில் நின்று, நீண்ட காம்புடைய வலைகளால் சால்மன் மீனை அள்ளினர். பல இனத்தார் தொலைவிலிருந்து வந்து பண்டமாற்றுச் செய்த பெருஞ்சந்தையும் அதுவே. அம்மக்கள் தாம் வழக்கமாக மீன்பிடித்த இடங்களில் தொடர்ந்து மீன்பிடிக்கலாம் என்று 1855-ஆம் ஆண்டு ஒப்பந்தங்களில் அரசு உறுதியளித்திருந்தது. ஆயினும் 1957 மார்ச் 10-ஆம் நாள் அணையின் கதவுகள் மூடப்பட்டன. சில மணி நேரத்துக்குள் அருவி நீருக்குள் மறைந்தது. அதன் பேரோசை அன்றோடு அடங்கிற்று. கரையில் நின்று முதியோர் அழுதனர். ஈட்டுத்தொகை வழங்கப்பட்டது; எனினும், அருவிக்கு ஈடு எது? செலிலோ என்னும் சிற்றூர் இன்றும் அங்கே இருக்கின்றது. ஆண்டுதோறும் வசந்த காலத்தில் முதல் சால்மனை வரவேற்று நன்றி கூறும் விழாவை அம்மக்கள் கைவிடவில்லை.

பூங்காவின் பாறையொன்றில் அகன்ற கண்களோடு ஒரு முகம் தீட்டப்பட்டுள்ளது. சகக்லலால், அதாவது 'காத்து நோக்குபவள்' என்பது அதன் பெயர். தன் மக்களை நன்கு பேணிய தலைவி ஒருத்தி, காலம் மாறிய பின்னும் அவர்களைக் காக்கவேண்டிக் கல்லானாள் என்பது அவ்வின மக்களின் பழங்கதை. அறிவிலிகள் சிலர் பாறை ஓவியங்களைச் சிதைத்தமையால், இன்று வழிகாட்டியோடு மட்டுமே அங்கே செல்ல அனுமதி உண்டு. நீரில் மூழ்கவிருந்த பாறைச் செதுக்கல்கள் சில முன்னதாகவே பெயர்த்தெடுக்கப்பட்டன. நெடுங்காலம் அணைக்கருகே கிடந்த அவை, இப்போது ஏரிக்கரையில் யாவரும் காண வைக்கப்பட்டுள்ளன.

மலரை நேசித்த தாய்

அருவி போயிற்று. மீதமிருந்த பள்ளத்தாக்கும் போயிருக்கக்கூடும். 1982-இல் போர்ட்லந்து நகருக்கருகே ஆற்றின் குறுக்கே புதிய நெடுஞ்சாலைப் பாலம் திறக்கப்பட்டதும், வடகரை நகரத்தாருக்கு எட்டும் தொலைவாயிற்று. அதற்கு முன்பே அங்கே மனைகள் போட்டு விற்கும் திட்டங்கள் தோன்றிவிட்டன. புகழ்பெற்ற மல்ட்னோமா அருவியின் நேரெதிர்க் கரைகூட அதற்குத் தப்பவில்லை.

இதைக் கண்டு எழுந்தவர் நான்சி ரசல் என்னும் பெண்மணி. அவர் அரசியல்வாதியல்லர், வழக்கறிஞருமல்லர். போர்ட்லந்தில் வாழ்ந்த இல்லத்தரசி. ஐந்து பிள்ளைகளின் தாய். காட்டு மலர்களைத் தேடித் தேடிக் கண்டு மகிழ்ந்தவர். அம்மலர்களின்மேல் கொண்ட அன்பே அவரைப் பொதுவாழ்வுக்கு இழுத்துவந்தது. 1980-இல் 'கொலம்பியா பள்ளத்தாக்கின் நண்பர்கள்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகச் சென்று பேசினார். தலைநகரில் சட்டமன்ற உறுப்பினர்களின் வாயிற்படிகளில் ஏறி இறங்கினார். எதிர்ப்பும் ஏளனமும் அச்சுறுத்தலும் அவருக்குக் கிடைத்தன. தம் சொந்த நிலத்தில் விரும்பியதைக் கட்ட இயலாமற் போகுமே என்று அஞ்சிய உள்ளூராரின் மனத்தாங்கலும் பொய்யானதன்று. ஆயினும் அவர் தளரவில்லை. விற்பனைக்கு வந்த நிலங்களைத் தம் கணவரோடு சேர்ந்து சொந்தப் பணத்தில் வாங்கிக் காத்தார்.

முடிவில் 1986 நவம்பர் 17-ஆம் நாள் கொலம்பியா பள்ளத்தாக்குத் தேசிய இயற்கையெழில் பகுதிச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ரேகன் கையொப்பமிட்டார். இரு மாநிலங்களிலும் ஏறக்குறைய 2,92,500 ஏக்கர் நிலம் அதன் பாதுகாப்பில் வந்தது. 13 ஊர்கள் தம் எல்லைக்குள் வளர இடம் விடப்பட்டது. நான்சி ரசல் 2008-இல் மறைந்தார். அவர் காத்த சரிவுகளில் ஆண்டுதோறும் வசந்தத்தில் மலர்கள் பூத்துக்கொண்டே இருக்கின்றன.

விருந்தினராய்ச் செல்வோம்

இவற்றையெல்லாம் நினைந்தால் ஓர் உண்மை தெளிவாகும். நாம் கட்டணமின்றியோ சிறு தொகை செலுத்தியோ நுகரும் காற்றும் நீரும் மலரும் விலையற்றவை போல் தோன்றினும், அவற்றுக்காக யாரோ விலை கொடுத்திருக்கின்றனர். சிலர் விரும்பிக் கொடுத்தனர், சிலரிடமிருந்து பறிக்கப்பட்டது. முன்னவரின் செயலுக்கு நன்றியும், பின்னவரின் இழப்புக்கு மதிப்பும் நம்மிடம் இருத்தல் வேண்டும்.

ஆகவே குடும்பத்தோடு அங்கே செல்வோர் உரிமையாளர் போலன்றி விருந்தினர் போலச் செல்வாராக. பிள்ளைகள் காற்றோடு விளையாடட்டும். சரிவுகளில் மலர்களை எண்ணட்டும். பசிதீர உண்டு களிக்கட்டும். மாலையில் ஏரிக்கரையில் அமர்ந்திருக்கும்போது, இந்நீர் எவ்வாறு வந்தது, எதை மூடியது என்று பெற்றோர் அமைதியாகச் சொல்லட்டும். மலரை விரும்பிய ஒரு தாய் என்ன செய்தார் என்பதையும் சொல்லட்டும். பின்னர்க் கொண்டுவந்த பொருள்களையும் குப்பையையும் ஒன்றுவிடாமல் திரட்டிக்கொண்டு, பூக்களை அவற்றின் காம்பிலேயே விட்டுவிட்டு வீடு திரும்பட்டும். நாளை வரும் இன்னொரு குடும்பத்துக்கு அந்தக் கரை அப்படியே இருக்க வேண்டுமன்றோ!