சேவல் ஏன் முதலில் கூவுது, கோழி ஏன் மூலையில் நிக்குது? கொல்லைப்புறக் கோழிகளின் ஒரு நாள்!

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாதாங்க இருந்துச்சு. காலையில கூண்டைத் திறந்தா செத்துக் கிடக்கு!"

வீட்டில் நாலு நாட்டுக்கோழி வளர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், இந்த வரியை ஒரு தடவையாவது கேட்டுவிடலாம். உண்மையைச் சொன்னால், அந்தக் கோழி நேற்று நன்றாக இருந்திருக்காது. அநேகமாக முந்தாநாளே அதற்கு உடம்பு சரியில்லாமல் போயிருக்கும். நமக்குத்தான் தெரியவில்லை. தெரியக்கூடாது என்று கோழியே மறைத்திருக்கும்.

சென்னை - அரக்கோணம் ரயில் பாதையில் கடம்பத்தூர், செஞ்சிபனம்பாக்கம் தாண்டினால் மணவூர். அதற்கு அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. இந்தப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டி, பின்னாடி கொஞ்சம் இடமும் மிஞ்சிவிட்டால், முதலில் ஒரு முருங்கை வரும். அடுத்து கோழி வரும். பிள்ளைகளுக்கு விளையாட்டு, வீட்டுக்கு முட்டை, மிச்சம் மீதி சோறும் வீணாகாது. எல்லாம் சரிதான். ஆனால், கோழியின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று தெரியாமல் வளர்க்கும்போது ஒரு வேடிக்கையான குழப்பம் வருகிறது. ஆரோக்கியமான கோழி நமக்கு நோயாளி மாதிரி தெரியும். நிஜ நோயாளி நன்றாக இருப்பது மாதிரி தெரியும். எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், பாதிக் கோழிகளையாவது காப்பாற்றிவிடலாம். அதனால் விடியற்காலையில் இருந்தே ஆரம்பிக்கலாம்.

கூவுறதுக்கும் சீனியாரிட்டி

சேவல் வெளிச்சத்தைப் பார்த்துக் கூவுகிறது என்றுதான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தோம். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சேவல்களை எப்போதும் மங்கலான வெளிச்சமே இருக்கும் அறையில் வைத்துப் பார்த்தார்கள். சூரியன் உதிப்பதே தெரியாத இடத்திலும் அவை விடியற்காலைக் கணக்கு தப்பாமல் கூவின. உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பது 2013-ல் வெளியான முடிவு. 2015-ல் அதே குழு இன்னொன்றையும் சொன்னது. கூட்டத்தில் யார் பெரிய தலையோ, அந்தச் சேவல்தான் முதலில் கூவும். அடுத்த இடத்தில் இருப்பது அதற்குப் பிறகு. கடைசிச் சேவல் கடைசியாக. பெரிய தலையைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிட்டால், மறுநாள் இரண்டாவது சேவல் ஆரம்பித்து வைக்கும்.

முருகன் கொடியில் ஏறி உட்கார்ந்த பறவையாச்சே, கொஞ்சம் கெத்து இருக்கத்தானே செய்யும் என்று திருத்தணிக்காரர்கள் சொன்னால் மறுக்க முடியாது.

இதில் உங்களுக்கு என்ன பயன் என்கிறீர்களா? உங்கள் வீட்டில் இரண்டு சேவல் இருந்து, தினமும் முதலில் கூவுவது திடீரென்று வாயே திறக்கவில்லை என்றால், அன்றைக்கு அதைக் கையில் பிடித்துப் பாருங்கள்.

கொத்து வாங்குறது யாரு?

இந்த வரிசை சேவல்களோடு நிற்பதில்லை. பெட்டைகளுக்கும் தனி வரிசை உண்டு. நார்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டரப் எப்பே சின்னப் பையனாக இருந்தபோதே வீட்டுக் கோழிகளை உட்கார்ந்து கவனித்தவர். எது எதைக் கொத்துகிறது, எது திருப்பிக் கொத்தாமல் ஒதுங்குகிறது என்று குறித்துவைத்த அவர், பெரியவரான பிறகு 1921-ல் அதையே ஆய்வாக எழுதினார். இன்றைக்கு அலுவலக அரசியலைப் பற்றிப் பேசும்போதுகூட நாம் பயன்படுத்தும் 'பெக்கிங் ஆர்டர்' என்ற சொல் அந்தக் கோழிக்கூட்டில் இருந்து வந்ததுதான்.

நம் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பிடி கம்போ நொய்யோ போடுங்கள். ஒன்று நடுவில் நின்று தின்னும். அது தலையை லேசாகத் தூக்கினாலே பக்கத்தில் இருப்பது இரண்டு அடி தள்ளிப் போகும். கடைசியில் இருப்பது ஓரத்தில் சுற்றிச்சுற்றி வந்து, சிதறினதைப் பொறுக்கும். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால், வரிசை முடிவாகிவிட்ட கூட்டத்தில்தான் சண்டை குறைவு. யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால், ஒரு முறைப்பிலேயே விஷயம் முடிந்துவிடும்.

சிக்கல் எப்போது வருகிறது என்றால், சந்தையில் புதுசாக ஒரு பெட்டையை வாங்கிவந்து நேராகக் கூட்டத்துக்குள் விடும்போது. மொத்த வரிசையும் கலைந்துபோகும். புதுசுக்கு நாலு பக்கமும் கொத்து விழும். தலையில் ரத்தம் வந்துவிட்டால் இன்னும் மோசம், சிவப்பைப் பார்த்ததும் மற்றவையும் அங்கேயே கொத்தும். அதனால், ஒன்றாக வாங்காமல் இரண்டாக வாங்குங்கள். முதல் சில நாள்கள் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வைத்து முகம் பார்த்துப் பழக விடுங்கள். தீவனத்தையும் தண்ணீரையும் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். தனியாக வைப்பதில் இன்னொரு லாபம், புதுக்கோழி ஏதாவது நோயைக் கொண்டுவந்திருந்தால் அது மற்றவற்றுக்குப் பரவும் முன்பே தெரிந்துவிடும்.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வரலாம். சோர்ந்துபோன கோழி ஏன் மறைக்கிறது? பலவீனம் வெளியே தெரிந்தால் இரண்டு ஆபத்து. ஒன்று, கழுகும் கீரியும் அதைத்தான் குறிவைக்கும். இரண்டு, கூட்டத்திலேயே அதன் இடம் பறிபோகும், கொத்து வாங்கும். அதனால் தீனி போட்டதும் அதுவும் ஓடிவரும். மற்றவற்றோடு சேர்ந்து கொத்துவது மாதிரி தலையை ஆட்டும். உள்ளே ஒன்றும் போயிருக்காது. நாம் மாடியில் இருந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சாப்பிடுது" என்று திருப்தியாகப் போய்விடுவோம்.

சேவலோட இரண்டு விதக் கூப்பாடு

கூட்டத்தில் சேவல் சும்மா சுற்றிக்கொண்டிருப்பதாக நினைக்காதீர்கள். நல்ல புழு ஒன்று கிடைத்தால், அதைத் தின்னாமல் தரையில் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, 'கொக்கொக்' என்று பெட்டைகளைக் கூப்பிடும். (புழுவே இல்லாமலும் சில நேரம் கூப்பிடும். பெட்டைகள் அந்தப் பேர்வழியைச் சீக்கிரம் புரிந்துகொள்ளும்!) ஆபத்து வந்தால் அது கொடுக்கும் குரலிலும் வித்தியாசம் இருக்கிறது. வானத்தில் வல்லூறு தெரிந்தால் மெல்லிசாக நீண்ட ஒரு ஒலி. அதைக் கேட்டதும் கோழிகள் பதுங்கி, மேலே பார்க்கும். நாயோ கீரியோ தரையில் வந்தால், விட்டுவிட்டு உரக்கக் கத்தும். அப்போது கழுத்தை நீட்டி நிமிர்ந்து, சுற்றிலும் பார்க்கும். ஒலியை மட்டும் பதிவுசெய்து போட்டுக்காட்டியபோதும் கோழிகள் இதேபோல நடந்துகொண்டதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒரு வாரம் காதுகொடுத்துக் கேட்டால், வீட்டுக்குள் இருந்தபடியே கழுகா, நாயா என்று நீங்களும் சொல்லிவிடுவீர்கள்.

நோய் மாதிரி தெரியும், நோய் இல்லை

மத்தியான நேரம். கோழி ஒருக்களித்து மண்ணில் சாய்ந்து, காலை உதைத்து, இறக்கையை அடித்துக்கொள்ளும். கண்ணும் பாதி மூடியிருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் வலிப்பு வந்துவிட்டதென்று அலறியிருக்கிறார்கள். அது மண்குளியல். இறகில் சேர்ந்த எண்ணெய்ப் பசையையும் பேனையும் புழுதியால் உதறுகிறது, அவ்வளவுதான். தளம் முழுக்க சிமென்ட் போட்ட கொல்லையாக இருந்தால், ஒரு பழைய டயருக்குள் மணலும் அடுப்புச் சாம்பலும் கொட்டிவையுங்கள்.

அடுத்தது முட்டைக் கணக்கு. ஒரு முட்டை உள்ளே உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும். அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடும். நாளுக்கு 24 மணி நேரம்தானே? அதனால் இன்று காலை 8 மணிக்கு இட்ட கோழி, நாளை கொஞ்சம் தாமதமாக இடும், மறுநாள் இன்னும் தாமதம். தள்ளித்தள்ளிப் போய், ஒரு நாள் இடாமலே விட்டுவிடும். உடனே தீவனத்தைக் குறை சொல்லாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை இறகு உதிர்த்து, புது இறகு முளைக்கும் வாரங்களிலும் முட்டை நின்றுபோகும்.

அதிகம் பயமுறுத்துவது அடைதான். பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் நாட்டுக்கோழி கூட்டைவிட்டு எழுந்திருக்காது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்து மாதிரி உட்கார்ந்திருக்கும். கிட்டே போனால் உறுமும், கொத்தும். நாளுக்கு ஒருமுறை எழுந்து, அவசரமாகத் தின்று, பெரிதாக ஒரு எச்சம் போட்டுவிட்டு மறுபடி ஓடிப்போய் உட்காரும். வயிற்றைத் தொட்டால் சூடாக இருக்கும். காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்துவிடாதீர்கள்! குஞ்சு வேண்டுமென்றால், ஒரு வாரத்துக்கு மேல் பழசாகாத முட்டைகளாகப் பார்த்து வையுங்கள். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், கரு கூடிய முட்டையில் சிவப்பு நரம்பு ஓடுவது தெரியும். 21-ம் நாள் பொரிக்கும். அதற்கு முதல்நாளே ஓட்டுக்குள் இருந்து குஞ்சு கீச்சிடுவதும், தாய் அடங்கிய குரலில் பதில் கொடுப்பதும் கேட்கும். வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

குஞ்சு வேண்டாம் என்றால் அடையைத் தெளியவைக்க மூக்கில் இறகைக் குத்துவது, தண்ணீரில் முக்குவது எல்லாம் தேவையே இல்லை. அடியில் காற்றோட்டம் உள்ள கம்பிக் கூண்டில் தீனி, தண்ணீரோடு மூன்று நான்கு நாள் வைத்தால் தானாகவே தெளிந்துவிடும்.

நிஜமான ஆபத்து

கத்திரி வெயில் வந்தாலே டி.வி வானிலைச் செய்தியில் வேலூரோடு திருத்தணி பேரும் வந்துவிடும். கோழிக்கு வியர்க்காது. அதன் உடம்புச் சூடே சாதாரணமாக 41 டிகிரி செல்சியஸ். வெளியேயும் 40-ஐத் தொட்டால், வாயைத் திறந்து மூச்சுவாங்கி, இறக்கையை உடம்பைவிட்டுத் தூக்கி வைத்துக்கொள்வதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. நிழலும் குளிர்ந்த தண்ணீரும்தான் மருந்து. மண் சட்டியில் வைத்து, மத்தியானம் ஒருமுறை மாற்றுங்கள். கூரைத்தகடு போட்ட கூண்டுக்குள் பகலில் அடைத்துவைக்கவே வைக்காதீர்கள்.

வெயிலைவிடப் பெரிய எமன், வெள்ளைக்கழிச்சல் என்று ஊரில் சொல்லும் ராணிக்கெட் நோய். உத்தராகண்டில் இருக்கும் ராணிக்கெட் என்ற ஊரின் பெயர் இது. மற்ற நாடுகளில் இங்கிலாந்து ஊரின் பெயரால் நியூகாசில் நோய் என்பார்கள். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். மூச்சுத் திணறும். கழுத்து திருகிக்கொள்ளும், காலோ இறக்கையோ இழுத்துக்கொள்ளும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் புகுந்தால், ஒரே வாரத்தில் கொல்லையைக் காலி செய்துவிடும். இது வைரஸ் நோய், வந்த பிறகு குணமாக்க மருந்து கிடையாது. குஞ்சுக்கு ஏழு நாள் ஆனதும் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வாரம் ஆனதும் இறக்கையில் ஊசி என்று முன்கூட்டியே போட்டுவைப்பதுதான் வழி. கால்நடைப் பராமரிப்புத் துறை கோடைக்கு முன்பு கோழிகளுக்கு இலவசமாகத் தடுப்பூசி முகாம்கள் நடத்துகிறது. உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் தை மாதமே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சோர்ந்திருக்கும் கோழிக்கு ஊசி போடக் கூடாது என்பதும் முக்கியம்.

சரி, மறைக்கும் கோழியை எப்படிக் கண்டுபிடிப்பது? சாயங்காலம்தான் சரியான நேரம். இருட்ட ஆரம்பித்ததும் கோழிகள் தானாக வந்து கம்பில் ஏறும். நல்ல இடத்துக்குக் கொஞ்சம் தள்ளுமுள்ளு நடக்கும். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால், பிடித்தாலும் ஓடாது. ஒவ்வொன்றையும் எடுத்து, கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்கு வலப்பக்கமாக இருக்கும் தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். நாள் முழுக்க மேய்ந்த கோழிக்கு அது எலுமிச்சம்பழம் மாதிரி புடைத்திருக்கும். தட்டையாக இருந்தால், அது காலையில் இருந்து தின்னுவது மாதிரி நடித்திருக்கிறது. கம்பில் ஏறாமல் தரையிலேயே நின்றாலும், வால் தொங்கிப் போயிருந்தாலும், கொண்டை நிறம் வெளுத்தோ கறுத்தோ இருந்தாலும் அன்றைக்கே பிரித்துவிடுங்கள். கூட்டத்தில் கடைசி இடத்தில் இருக்கும் கோழியை மட்டும் ஒரு தடவை கூடுதலாகப் பாருங்கள். கடைசியாகத் தின்னுவது அதுதான்.

பிரித்த கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மற்றவை நெருங்காத இடத்தில் வையுங்கள். அதற்குத் தண்ணீர் வைத்த சட்டியை மற்றவற்றுக்கு வைக்காதீர்கள். நல்ல கோழிகளுக்கு முதலில் தீனி போட்டுவிட்டு, நோயாளியிடம் கடைசியாகப் போங்கள், கை கால் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள். மீறி இறந்துவிட்டால் குப்பையிலோ ஏரிக்கரையிலோ வீச வேண்டாம். நாய் தூக்கிக்கொண்டு போய் அடுத்த தெருக் கோழிக்கும் கொடுத்துவிடும். ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிட்டு, அக்கம்பக்கத்தில் கோழி வைத்திருப்பவர்களிடம் அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.