கோயில் கட்டட நிதி: காசு யார் பொறுப்பில்?

பதுளை நகரிலுள்ள அங்கிலிக்கன் திருச்சபையின் புனித மாற்கு ஆலயம் நன்கொடைப் பணத்தில் எழுந்த ஒன்று. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். (அவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பது வேறு கதை.) அவரது நண்பர்களும் அவரை மதித்தவர்களுமாகப் பல தரத்தினரும் சேர்ந்து அவர் நினைவாக ஆலயத்தைக் கட்டினார்கள். அது அபிஷேகம் செய்யப்பட்டது 1857இல். அதாவது பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்.

கட்டட நிதியில் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இந்தக் கால இடைவெளியைத்தான். திருவிழாக் காசு ஒரு மாதத்தில் சேர்ந்து ஒரு வாரத்தில் செலவாகிவிடும். கட்டடக் காசோ ஆண்டுக்கணக்கில் யாரோ ஒருவர் பொறுப்பில் இருக்கும். அதற்குள் பங்குத்தந்தை மாறுவார், தோட்டத்துரை மாறுவார், பொருளாளர் கொழும்புக்கோ மத்திய கிழக்குக்கோ போய்விடுவார்.

எமது தோட்டங்களில் இது எப்படி நடக்கிறது? அறுபது குடும்பங்கள் உள்ள ஒரு பிரிவை எடுத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு மாதம் 200 ரூபா என்றால் மாதம் 12,000, ஆண்டுக்கு 144,000, ஐந்து ஆண்டுகளில் 720,000 ரூபா. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் உயர்த்தப்பட்டபோதுகூட அது 1,350 ரூபாவாகவே இருந்தது; நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு 200 ரூபா சிறிய தொகை அல்ல. இதில் பத்தாயிரம் ரூபாவுக்குக் கணக்கு இல்லாமற்போனால் ஐம்பது குடும்பங்களின் ஒரு மாதக் கொடை காணாமற்போனது என்று பொருள்.

பணம் சேர்ப்பதற்குச் சில இடங்களில் தோட்டக் காரியாலயத்தில் சம்பளத்தில் கழிக்கச் சொல்வதுண்டு. வசதியான வழிதான். ஆனால் கொடுப்பவர் தானே விரும்பிக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். நிறுத்தச் சொன்னால் அடுத்த மாதமே நிறுத்தப்பட வேண்டும். தலைவரும் கணக்கப்பிள்ளையும் பேசி முடிவெடுத்து எல்லோருக்கும் கழிப்பது நன்கொடை அல்ல, வரி.

கையில் வாங்கும் காசுக்கு இலக்கமிட்ட, கார்பன் பிரதியுள்ள பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்றே போதும். இருபது ரூபாவாக இருந்தாலும் சீட்டு எழுத வேண்டும். உண்டியலை ஒருவர் தனியே திறக்கக்கூடாது. இது புதிய யோசனையும் அல்ல. அரசர்கள் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரத்தில், ஆலயத்தைப் பழுதுபார்க்கக் குருக்களிடம் ஒப்படைத்த பணத்தால் யோவாசு அரசனின் 23ஆம் ஆண்டுவரை ஒரு வேலையும் நடக்கவில்லை. அதன் பின்னர்தான் மூடியில் துளையிட்ட பெட்டி வைக்கப்பட்டது. அரச எழுத்தரும் தலைமைக் குருவும் ஒன்றாக நின்று எண்ணினார்கள். யாரையும் திருடன் என்று அங்கே சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். முறையை மாற்றினார்கள், வேலை நடந்தது.

எண்ணிய பணம் அடுத்த வங்கி நாளிலேயே வங்கிக்குப் போக வேண்டும். கணக்கு யார் பெயரில் என்பதில்தான் பல இடங்களில் சிக்கல் வருகிறது. நம்பிக்கையான ஒருவரின் சொந்தச் சேமிப்புப் புத்தகத்தில் போட்டு வைப்பது எமது பக்கத்தில் சாதாரணம். அந்த மனிதர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அவர் இறந்துவிட்டால் சட்டத்தின் பார்வையில் அது முதலில் அவருடைய சொத்தாகவே தெரியும். அது கோயில் பணம் என்று நிரூபிக்கும் பாரம் சபையின் தலையில் விழும். எனவே பங்கின் அல்லது சபையின் பெயரிலேயே கணக்கு இருக்க வேண்டும். எடுப்பதற்கு இருவர் கையொப்பம், அந்த இருவரும் ஒரே வீட்டார் அல்லாதவர்கள்.

பெயரையும் தொகையையும் பூசை முடிவில் வாசிப்பது எனக்கு உடன்பாடில்லை. ஐந்நூறு கொடுத்தவர் கைதட்டல் பெறுவார். ஐம்பது கொடுத்த விதவை தலைகுனிவார். அதற்குப் பதிலாகப் பற்றுச்சீட்டு இலக்கத்தையும் தொகையையும் மட்டும் எழுதி மாதந்தோறும் கோயில் கதவில் ஒட்டலாம். தன் சீட்டை வைத்து ஒவ்வொருவரும் சரிபார்த்துக்கொள்வார். மற்றவருக்கு யாருடையதென்று தெரியாது.

பணமாக வராத கொடைகளும் உண்டு. ஒருவர் கருங்கல் உடைத்துத் தருகிறார், ஒருவர் லொறி தருகிறார், ஞாயிறு பிற்பகல் இளைஞர் சிரமதானம் செய்கிறார்கள். இவற்றைத் தனிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் இலவசமாக வந்த மணலுக்கு வாங்கியதாக ஒரு பில் பின்னர் வந்து சேரலாம்.

சேமித்து வைத்தாலும் விலை நிற்காது. 2022 நெருக்கடியில் சீமெந்து மூடையின் விலை முந்திய ஆண்டின் விலையிலிருந்து இரண்டு மடங்குக்கும் மேலே போனது. பாதிப் பணத்தோடு காத்திருந்த சபைகள் காற்பங்குப் பணத்தோடு நின்றன. அதற்காகச் சீமெந்தை முன்கூட்டியே வாங்கி அடுக்காதீர்கள். எமது மலைநாட்டு ஈரத்தில் சில மாதங்களில் கட்டிபிடித்துவிடும். கல், மணல், கம்பி, கூரைத்தகடு ஆகியவற்றை வாங்கலாம், காவல் இருந்தால்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழையும் மண்சரிவும் பதுளை மாவட்டத்தைத் தாக்கியபின் வேறொரு கேள்வி வலுவாக எழுகிறது. லயம் இடிந்து மக்கள் முகாமில் இருக்கும்போது கோயில் நிதி வங்கியில் கிடக்கலாமா? எடுத்துக் கொடு என்பதே மனதில் முதலில் வரும் பதில். ஆனால் குறித்த நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்ட பணம், பொறுப்பாளரின் இரக்கத்துக்கு ஏற்ப வேறு வழியில் போகக்கூடிய பணம் அல்ல. நம்பிக்கைப் பொறுப்பின் அடிப்படையே அதுதான். கொடுத்தவர்களைக் கேட்பதுதான் வழி. கூட்டம் கூட்டி, எவ்வளவு, எதற்கு, கடனாகவா கொடையாகவா என்று தீர்மானித்துக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். வெளிநாட்டில் இருந்து அனுப்பியவருக்குக் கடிதமோ தொலைபேசிச் செய்தியோ அனுப்பிச் சம்மதம் பெறுங்கள். மறுப்பவரின் பங்கை அப்படியே விட்டுவிட வேண்டும். எமது மக்கள் மறுப்பது அரிது; கேட்காமல் எடுத்ததைத்தான் அவர்கள் மறப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. தோட்டக் காணி பெரும்பாலும் அரசுக்குச் சொந்தமானது. கம்பனிகள் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. துரையின் வாய்மொழிச் சம்மதத்தில் அத்திவாரம் வெட்டக்கூடாது. அத்துடன் பதுளை மாவட்டத்தில் மண்சரிவு அபாயம் குறித்துத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு கடிதங்களும் கைக்கு வந்த பிறகே பற்றுச்சீட்டுப் புத்தகத்தை அச்சிடக் கொடுங்கள். இடம் ஏற்றதல்ல என்று பின்னர் தெரியவந்தால், சேர்ந்த பணத்தை வேறிடத்தில் பயன்படுத்துவதா திருப்பிக் கொடுப்பதா என்பதை முதற்கூட்டத்திலேயே எழுதி, அந்த வரியைச் சீட்டின் அடியிலும் அச்சிட்டுவிடலாம்.