நடுக்குவாதம்

எமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவர், பணியினின்றும் ஓய்வு பெற்ற பின்னரும் பழைய மாணாக்கர்க்குக் கடிதம் வரைவதை வழக்கமாகக் கொண்டிருந்தார். முத்துக் கோத்தாற் போன்ற அவர் எழுத்து வரவரச் சிறுத்தது. ஒவ்வொரு வரியும் முடிவை அணுகுந்தோறும் எறும்பின் அளவாயிற்று. நேரிற் கண்டபோது அவர் முகத்திற் பண்டைய புன்னகை இல்லை, குரலுந் தாழ்ந்திருந்தது. ஐயா எம்மை மறந்தார்போலும் என்று யாம் வருந்தினோம். அஃது அன்பின் குறைவன்று, பிணியின் குறி என்பதைப் பின்னரே அறிந்தோம். ஏனையோரும் எம்மைப்போற் பிழைபடாதிருத்தற் பொருட்டு, அப்பிணியின் இயல்பினை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இலண்டன் மாநகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் செய்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்பார், 1817ஆம் ஆண்டில் நடுக்குவாதத்தைப் பற்றிச் சிறு நூலொன்று வெளியிட்டார். அதற்கு ஆதாரமான நோயாளர் அறுவரே. அவருட் சிலர் தெருவிற் கண்டு வினவப்பெற்றோர். பிற்காலத்தில், பாரிஸ் நகரத்துச் சார்க்கோ என்னும் பேராசிரியர் அந்நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையே வழங்கினார்.

மூளையின் அடிப்பாகத்திற் கருநிறம் வாய்ந்த சிறு பகுதி ஒன்று உளது. ஆண்டுள்ள நரம்பணுக்கள் டோப்பமீன் என்னும் பொருளை உண்டாக்கி, அங்க அசைவுகளைச் சீராக நிகழச் செய்கின்றன. அவ்வணுக்கள் படிப்படியாக அழிய, அப்பொருளும் குறைகின்றது. குறையவே, எழுதல், நடத்தல், பொத்தான் இடல் முதலிய செயல்கள் மந்தமாகின்றன, தசைகள் விறைக்கின்றன, சும்மா இருக்குங் கை நடுங்குகின்றது. முகத் தசைகளும் அசைவு குன்றுதலால், உள்ளத்து மகிழ்ச்சி வெளியே தோன்றுவதில்லை.

ஆயினும், நடுக்கம் யாவும் இந்நோயே என்று கருதற்க. குவளையை ஏந்துங்கால் மட்டும் கை நடுங்குவது பெரும்பாலும் வேறொரு நோயாம். நடுக்கமே இன்றி இந்நோய் உடையாரும் உளர். சில மருந்துகளாலும் இதனை யொத்த குறிகள் தோன்றும். இரத்தச் சோதனை ஒன்றினாலேயே இதனைத் துணிதல் இயலாது. மந்தத்தோடு விறைப்பேனும் நடுக்கமேனும் கூடியிருத்தல், ஒரு பக்கத்தே முன்னர்த் தொடங்கினமை, மருந்தினாற் குணங் காணல் ஆகியவற்றை நோக்கியே நரம்பு வைத்தியர் துணிவர்.

இதற்குரிய மருந்தின் வரலாறு நம் சென்னையையும் தொட்டதாகும். 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் பூனைக்காலி விதையினின்றும் லெவோடோப்பா என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் அருமை அந்நாளிற் புலப்படவில்லை. 1957இல் சுவீடன் தேசத்துக் கார்ல்சன், மருந்தினால் அசைவற்றுக் கிடந்த முயல்கள் டோப்பா பெற்று எழக் கண்டார். 1960இல் வியன்னா நகரத்தார், இந்நோயால் இறந்தோர் மூளையில் டோப்பமீன் குன்றியிருந்ததைக் காட்டினர். 1967இல் அமெரிக்காவிற் கோட்சியாஸ் என்பார் டோப்பாவைச் சிறிது சிறிதாக மிகுத்து ஊட்டி, நோயாளரை நடமாடச் செய்தார்.

இன்று அது, மூளையை அடையுமுன் சிதையாதபடி கார்பிடோப்பாவுடன் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றது. நோயை வேரறுப்பதன்று, குறிகளைத் தணிப்பதே. சில ஆண்டுகள் சென்றபின் அதன் பயன் அடுத்த வேளைக்கு முன்னரே குன்றுதலும், உடல் தானே நெளிதலும் நேரக்கூடும். அப்போது அளவை மாற்றுவர். தக்கார் சிலர்க்கு மூளையினுள் மெல்லிய மின்கம்பி பொருத்துவர். குறித்த வேளையில் மருந்துண்ணல் இன்றியமையாதது. திடீரென நிறுத்துதல் அபாயம். பூனைக்காலி விதையைத் தாமே அரைத்துண்ணலும் தகாது. அதில் மருந்தின் அளவு தெரியாதன்றோ? நாடோறும் உடற்பயிற்சி செய்தல் பெரிதும் நலந்தரும்.

இவற்றோடு வீட்டார் அளிக்கவேண்டிய மருந்தொன்று உண்டு, அது பொறுமை. "விரைந்து வாரும்" என்னுஞ் சொல் அவர் காலைப் பின்னும் கட்டுவதேயாம். அண்மையில் எம் ஆசிரியரைக் காணச் சென்றோம். வாயில்வரை எம்முடன் வர விரும்பிச் சட்டைப் பொத்தான்களை அவரே இட்டார். உதவ நீண்ட கையை மடக்கிக்கொண்டு யாம் காத்திருந்தோம். இறுதிப் பொத்தான் அமைந்தபின், "வகுப்புக்கு நேரமாயிற்றோ?" என்றார். அம்முகத்திற் புன்னகை தோன்றவில்லை. ஆயினும் அவர் நகைத்தார் என்பதை யாம் அறிந்தோம்.