மகஜர் கொடுக்கலாம், ஓட்டுக் கேட்கக்கூடாது

பேராக்கில் ரப்பர் தோட்டம் ஒன்று கைமாறி வீடமைப்புத் திட்டமாகிறது என்றால், தலைமுறையாகப் பால்வெட்டிய குடும்பங்களுக்கு மாற்று வீடும் தோட்டக் கோயிலுக்கு இடமும் கேட்டாக வேண்டும். துணைநிற்கும் அறவாரியம் ஈப்போவில் மந்திரி பெசார் அலுவலகத்துக்கு மகஜர் கொண்டுபோனால் வரிச்சலுகை பறிபோகுமா?

சலுகை எது?

1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6)ஆம் பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குத் தரும் நன்கொடையை, மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 60,000 ரிங்கிட் ஈட்டுபவருக்கு உச்சவரம்பு 6,000 ரிங்கிட். கட்சிக்குத் தரும் பணத்துக்கு இந்தக் கழிவு கிடையாது. அரசு விட்டுக்கொடுக்கும் வரி பொதுப்பணம். அது தேர்தல் செலவுக்குப் போகக்கூடாது.

எல்லை எங்கே?

அமெரிக்காவில் 1954 முதல் அறநிறுவனங்கள் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. சட்டத்தை மாற்றக் கோருவதற்கு மட்டும் அளவோடு இடமுண்டு. அரசியலையே நோக்கமாகக் கொண்டது அறக்கொடை ஆகாது என்பது 1917இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபைத் தீர்ப்பு வலியுறுத்திய கொள்கை. ஏழைக்கு வீடு என்ற நோக்கத்துக்காக அரசிடம் முறையிடுவது வேறு.

இந்த வேறுபாட்டை 1981இல் மலேசியாவின் சங்கச் சட்டத் திருத்தம் அழிக்கப் பார்த்தது. அரசின் கொள்கையில் செல்வாக்குச் செலுத்த முனையும் சங்கம் எதுவானாலும் 'அரசியல் சங்கம்' என்றது. பின்னாளில் பிரதமரான அன்வார் இப்ராஹிம் தலைமையில் சங்கங்கள் திரண்டு எதிர்த்தன. 1983இல் அந்த வகைப்பாடு நீக்கப்பட்டது.

கட்சியானால்?

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே பணியாற்றிய 'அலைகள்' உள்ளிட்ட குழுக்கள், தேர்தல் அரசியலுக்காக 1998இல் மலேசிய சோசலிசக் கட்சி என்ற தனி அமைப்பைத் தொடங்கின. பதிவு கிடைத்தது 2008இல்தான். அதே ஆண்டுத் தேர்தலில் அக்கட்சியின் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் வேறொரு கட்சியின் சின்னத்தில் நின்றே சுங்கை சிப்புட்டில் வென்றார். சமூகப் பணிக்கு ஓர் அமைப்பு, ஓட்டுக்கு இன்னோர் அமைப்பு என்பதே நேர்மையான வழி.

செயலவை செய்ய வேண்டியது

கோரிக்கை சங்க விதியில் உள்ள எந்த நோக்கத்துக்கானது என்று கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். மகஜரின் நகலை எல்லாக் கட்சி மக்கள் பிரதிநிதிகளுக்கும் கொடுங்கள். அறவாரியத்தின் பணம், வேன், மண்டபம் எதையும் எந்த வேட்பாளருக்கும் தராதீர்கள். பதிவுபெற்ற சங்கமானால், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைப் பதிவிலாகாவிடம் சேர்த்துவிடுங்கள்.

அரிசி மூட்டை கொடுக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் நிலமும் வீடும் அரசின் முடிவால்தான் கிடைக்கும். அதைக் கேட்கத் தயங்கும் அறவாரியம், தான் தொடங்கப்பட்ட வேலையில் பாதியைக் கைவிட்டுவிடுகிறது.